தெரிந்தவர் ஒருவர் மட்டும் என்றால்

மென்பொருள் அலுவலகங்களில் நாள் தவறாமல் காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: "அதை அவரைத்தான் கேக்கணும்." நிறுவனம் சிறிதோ பெரிதோ, ஒவ்வொரு குழுவிலும் அப்படி ஒருவர் இருப்பார். மாதக் கடைசியில் மட்டும் கட்டணக் கணக்கு ஏன் தடுமாறுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் யாரோ எழுதிவிட்டுப் போன ஒரு பகுதியை ஏன் எவரும் தொடக் கூடாது என்பதும் அவருக்குத்தான் தெரியும். அவர் ஊருக்குப் போயிருந்தால் வேலை அவருக்காகக் காத்திருக்கும்.

இந்த நிலை முதலில் பெருமையாகத்தான் வருகிறது. நம்மைத் தேடி நாலு பேர் வருகிறார்கள் என்ற நிறைவு யாருக்கும் இனிப்பதே. சில ஆண்டுகள் போனபின் அதன் மறுபக்கம் தெரிகிறது. தங்கையின் திருமண மண்டபத்திலும் அவருக்கு அழைப்பு வருகிறது. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள அவர் ஆசைப்பட்டால், பழைய இடத்திலிருந்து அவரை விடுவிக்க முடியாது என்கிறார்கள். குழுவின் இளையவர்களோ அந்தப் பகுதியை நெருங்கவே அஞ்சி, தெரியாமலேயே நாள்களைக் கடத்துகிறார்கள். ஒருவரிடம் மட்டும் தங்கிவிட்ட அறிவு அவரையும் கட்டிப்போடுகிறது, சுற்றி இருப்பவர்களையும் கட்டிப்போடுகிறது.

அஜைல் என்று உலகம் அழைக்கும் மென்பொருள் இயக்கத்தை, இந்தக் கட்டை அவிழ்க்க மனிதர்கள் எடுத்த முயற்சியாகவே நான் பார்க்கிறேன். இரண்டு வாரச் சுற்றுகள், காலையில் நின்றபடி நடக்கும் சிறு கூட்டம், சுவரில் ஒட்டிய வண்ணத் தாள்கள் என்று அதன் வெளித்தோற்றம் நமக்குப் பழகிவிட்டது. அந்த வழக்கங்களுக்கு அடியில் ஓடும் கேள்வி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒருவர் அறிந்தது இன்னொருவருடையதாக எப்படி மாறுகிறது? அதற்கு அவர்கள் என்ன விலை கொடுக்கிறார்கள்?

*

இந்தக் கேள்வியின் ஆழத்தைத் தொட்டவர்களில் ஒருவர் டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் நௌர். கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதை 2005-ஆம் ஆண்டுக்குப் பெற்றவர். நிரல் எழுதுவதென்றால் வரிகளை உண்டாக்குவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். 1985-இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் நௌர் வேறொன்றைச் சொன்னார். நிரல் எழுதுபவர் தம் மனத்துக்குள் ஒரு கோட்பாட்டைக் கட்டுகிறார்; எழுதப்பட்ட வரிகளும் ஆவணங்களும் அதன் ஒரு பகுதியை மட்டுமே காட்டுகின்றன என்றார்.

அதற்கு அவர் தந்த சான்று, எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் மென்பொருளான ஒரு கம்பைலரின் வரலாறு. ஒரு குழு அதை உருவாக்கியது. அது நன்றாக இயங்கியது. இன்னொரு குழு அதை எடுத்து, சற்றே விரிந்த ஒரு மொழிக்குப் பயன்படுத்த விரும்பியது. முழு நிரலும், விரிவான விளக்கங்களும், தேவைப்படும்போது முதல் குழுவின் ஆலோசனையும் அவர்களுக்குக் கிடைத்தன. இருந்தும் இரண்டாம் குழு திட்டமிட்ட மாற்றங்களை முதல் குழுவினர் பார்த்தபோது குறைகள் தெரிந்தன. அந்த அமைப்புக்குள்ளேயே இருந்த வசதிகள், ஆவணங்களில் நன்றாகவே விளக்கப்பட்டிருந்த வசதிகள், பல இடங்களில் கண்டுகொள்ளப்படவே இல்லை. மாறாக, அமைப்பின் எளிமையையும் வலிமையையும் கெடுக்கும் ஒட்டுகள் முன்வைக்கப்பட்டிருந்தன. முதல் குழுவினர் அதைப் பார்த்த உடனே கண்டுகொண்டார்கள். எளிய மாற்றுவழிகளையும் சொன்னார்கள். பிற்பாடு அந்தக் கம்பைலர், அவர்களுடைய வழிகாட்டலே இல்லாத வேறு கைகளுக்குப் போனது. நாளடைவில் பழைய அமைப்பின் உருவம் கண்ணுக்குத் தெரிந்தாலும், பின்னால் சேர்ந்தவற்றின் சுமையில் அது பயனற்றுப் போயிருந்தது.

நௌர் இதிலிருந்து கடுமையான ஒரு முடிவுக்கு வந்தார். கோட்பாட்டைத் தாங்கிய குழு கலைந்தால் நிரல் இறந்துவிடுகிறது. அது கணினியில் ஓடிக்கொண்டிருக்கலாம், தினமும் விடைகளைத் தந்துகொண்டும் இருக்கலாம். புதிய தேவை ஒன்று வந்து, அதற்கு அறிவோடு பதில் சொல்ல ஆள் இல்லை என்னும்போதுதான் அந்த இறப்பு தெரியவரும். ஆவணங்களை மட்டும் வைத்து அதை உயிர்ப்பிக்க முடியாது என்பது அவர் கருத்து. பின்னாளில் அஜைல் இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரான அலிஸ்டர் கோபர்ன், அந்த இயக்கத்தைப் பற்றிய தம் நூலில் இந்தக் கட்டுரையைப் பின்னிணைப்பாகச் சேர்த்தார்.

*

சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலை மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்த்தவர்களுக்கு நௌரின் இந்த முடிவை விளக்கத் தேவையில்லை. அதை அவர்கள் 'கே.டி.' (நாலெட்ஜ் ட்ரான்ஸ்ஃபர், அதாவது அறிவைக் கைமாற்றுதல்) என்ற பெயரில் வாழ்ந்து பார்த்திருக்கிறார்கள். வேலையை விடுவதாகப் பேப்பர் போட்டவர் நோட்டீஸ் பீரியடின் கடைசி வாரங்களில் இருப்பார். அவர் தெரிந்துவைத்திருப்பதை எல்லாம் அவர் இடத்துக்கு வருபவருக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கூட்டங்கள் வைத்து, திரையைக் காட்டி, பேச்சைப் பதிவு செய்து, ஓர் ஆவணத்தில் எல்லாவற்றையும் பட்டியலிட்டு, "எல்லாம் புரிஞ்சுதா?" என்று கேட்பார். "புரிஞ்சுது" என்பார் இளையவர். இருவரும் பொய் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் புரிந்துதான் இருக்கிறது.

அவர் போன சில வாரங்களில், எவரும் எதிர்பாராத ஒரு கேள்வி எழும். பதிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலும் அதற்கு விடை கிடைக்காது. அந்தக் கேள்வி யாருடைய மனத்திலும் எழாத நாளில் செய்த பதிவு அது. அறிந்தவரின் அறிவு அவர் வாய்விட்டுச் சொன்னதோடு முடிவதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார், எந்த இடத்தில் முகம் சுளித்திருப்பார், எந்த வழியைப் பார்த்ததும் வேண்டாம் என்று தடுத்திருப்பார் என்பதும் அந்த அறிவுதான். அதில் பெரும்பகுதி தம்மிடம் இருப்பது அவருக்கே தெரியாது. தெரியாததை எப்படி எழுதிவைப்பது?

எழுதிவைப்பதே வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் பகல் முடியும்போது இங்கே வேலையைத் தொடங்குகிறவர்களுக்கு, முந்தைய ஆள் எழுதிவைத்த நான்கு வரிகளே துணை. ஆவணங்களைவிட இயங்கும் மென்பொருளுக்கு முதன்மை தந்த, அஜைல் இயக்கத்தின் அறிக்கைகூட, ஆவணங்களுக்கு மதிப்பு உண்டு என்பதைச் சேர்த்தே சொல்கிறது. ஆவணம் எதுவரை கொண்டுபோகும் என்பதுதான் கேள்வி. அது வாசல்வரை கொண்டுவந்து விடும். உள்ளே கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும்.

*

உள்ளே கூட்டிப்போவது எப்படி நடக்கிறது என்பதற்கு ஜப்பானில் நடந்த ஒரு நிகழ்ச்சி நல்ல விளக்கம். 1985-இல் ஒசாகாவின் மட்சுஷிதா நிறுவனம் வீட்டிலேயே ரொட்டி செய்யும் எந்திரம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. எந்திரம் பிசைந்த மாவில் ரொட்டியின் வெளிப்புறம் கருகியது, உள்ளே வேகவில்லை. எந்திரம் பிசைந்த மாவையும் தேர்ந்த ரொட்டிக்காரர் பிசைந்த மாவையும் எக்ஸ்-ரே எடுத்து ஒப்பிட்டும் பார்த்தார்கள். பயனில்லை. அந்தக் குழுவில் மென்பொருள் உருவாக்குநராக இருந்த இகுகோ தனாகா ஒரு யோசனை சொன்னார். ஊரிலேயே நல்ல ரொட்டிக்குப் பெயர்பெற்ற ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய் அவரே தொழில் கற்றார். பிசையும்போது அந்த ரொட்டிக்காரர் மாவை ஒரு தனி விதமாக முறுக்கி இழுப்பதை ஒருநாள் கவனித்தார். பொறியாளர்களோடு சேர்ந்து ஓராண்டுக் காலம் செய்து பார்த்து, எந்திரத்தின் உட்புறத்தில் விலா போன்ற சிறப்புப் புடைப்புகள் அமைத்து, அந்த முறுக்கலை எந்திரத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

இந்தக் கதையை 1991-இல் உலகுக்குச் சொன்னவர் இகுஜிரோ நொனாகா. அதற்கு முன்பு, 1986-இல் ஹிரோடாகா டகேயுச்சியோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்கிரம் தன் பெயரைப் பெற்றது. புதிய பொருள்களை உருவாக்கும் குழுக்கள் ரக்பி ஆட்டக்காரர்களைப் போல ஒன்றாக நகர்கின்றன என்று அந்தக் கட்டுரை சொன்னது. ஆக, இன்று உலகெங்கும் ஸ்கிரம் என்ற பெயரில் நடக்கும் கூட்டங்களின் வேரில், அருகிருந்து கற்பதை ஆராய்ந்த ஒரு மனிதரின் சிந்தனை இருக்கிறது.

ரொட்டிக்காரரிடம் எக்ஸ்-ரேயால் எடுக்க முடியாததைப் பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணால் எடுக்க முடிந்தது. தாம் மாவை முறுக்குகிறோம் என்பதை அந்த ரொட்டிக்காரர் எண்ணிப் பார்த்திருக்கவே மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தனாகாவின் கண் அதன்மேல் விழுந்தபோது, அவர் கை பல ஆண்டுகளாக அறிந்திருந்த ஒன்று முதன்முறையாகச் சொல்லாக வெளிப்பட்டது. கற்க வந்தவர் இல்லாவிட்டால் கற்பிப்பவருக்கே அது தெரியாமல் போயிருக்கும்.

*

2001 பிப்ரவரி 11 முதல் 13 வரை, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்னும் பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடினார்கள். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங், ஸ்கிரம், கிரிஸ்டல் என்று ஆளுக்கொரு முறையை முன்வைத்து வந்தவர்கள். சில நேரங்களில் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். தம் முறையே சிறந்தது என்று வாதிட அவர்களுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் அவர்கள் பொதுவாக ஒப்புக்கொண்டவற்றைத் தேடி, நான்கு விழுமியங்கள் கொண்ட ஒரு சிறு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அதுதான் அஜைல் அறிக்கை. பன்னிரண்டு கொள்கைகள் பின்னர் சேர்ந்தன.

அந்த அறிக்கையின் நான்கு விழுமியங்களைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அதன் முதல் வாக்கியம்தான் பெரிது. மென்பொருள் உருவாக்குவதற்கு மேலான வழிகளைத் தாங்கள் கண்டறிந்துவருவதாகச் சொல்லும் அந்த வாக்கியம், எப்படிக் கண்டறிகிறார்கள் என்பதையும் சொல்கிறது: தாமே செய்வதன் மூலம், பிறர் செய்வதற்கு உதவுவதன் மூலம். இரண்டும் அங்கே சம இடத்தில் நிற்கின்றன. முதலில் கண்டறிந்துவிட்டு, பிறகு பிறருக்குத் தருகிறோம் என்று அவர்கள் எழுதவில்லை. உதவுவதே கண்டறியும் வழிகளில் ஒன்று என்று எழுதினார்கள். பகிர்தலை, அறிவு நிறைந்தபின் மிஞ்சியதைக் கொடுக்கும் தானமாக நினைத்துப் பழகிய நமக்கு இது பெரிய மாற்றம். கொடுக்கும்போதுதான் கொடுப்பவருக்கே பாதி தெரியவருகிறது.

இதை வாக்கியமாக எழுதுவதற்கு முன்பே அவர்களில் சிலர் செய்து பார்த்திருந்தார்கள். கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளக் கணக்கு மென்பொருளைச் சீரமைக்க 1996-இல் கென்ட் பெக் அழைக்கப்பட்டார்; ரான் ஜெஃப்ரீஸ் குழுவுக்குப் பயிற்றுநராக இருந்தார். அந்தத் திட்டத்தில்தான் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் உருப்பெற்றது. அதன் இரண்டு வழக்கங்கள் நம் பேச்சுக்கு முக்கியமானவை. ஒன்று, ஒரே கணினி முன்னால் இருவர் அமர்ந்து ஒரே நிரலை எழுதுவது. மற்றது, நிரலின் எந்தப் பகுதியையும் குழுவில் எவரும் மாற்றலாம் என்ற விதி. இது என் பகுதி, அது உன் பகுதி என்ற வேலி கிடையாது. 1997-இல் அந்த மென்பொருள் சுமார் 10,000 பேருக்குச் சம்பளம் கணக்கிடத் தொடங்கியது. எல்லா ஊழியர்களுக்கும் விரிவடைவதற்கு முன்பே, 2000-இல் திட்டம் நிறுத்தப்பட்டது. ஆனால் அங்கே கற்றவை, கற்றவர்களோடு புறப்பட்டு உலகமெங்கும் போய்விட்டன.

இருவர் சேர்ந்து எழுதுவதைப் பற்றி அறியாதவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ஒருவர் வேலைக்கு இருவர் சம்பளமா என்பது. அருகில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு வேறொன்று தெரியும். நான் பணியாற்றிய ஒரு குழுவில், எங்கள் எல்லாரையும்விட அனுபவம் மிக்க ஒருவர் விசைப்பலகையைத் தொடவே மாட்டார். புதிதாகச் சேர்ந்தவர் பக்கம் அதை நகர்த்திவிட்டு, "நீங்க டைப் பண்ணுங்க, நான் பக்கத்துல இருக்கேன்" என்பார். அவர் தானே எழுதினால் கால்மணி நேரத்தில் முடியும் வேலை, ஒரு முற்பகல் முழுவதும் நீளும். "ஏன் இப்படி வச்சிருக்கீங்க?" என்று புதியவர் தயங்கிக் கேட்பார். சில நேரம் நல்ல பதில் இருக்கும். சில நேரம் அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "காரணம் இருந்துச்சு, இப்ப இல்ல, எடுத்துடலாம்" என்பார். பல ஆண்டுகள் யாரும் தொடாத வரிகள் அப்படித்தான் போயின. அந்தக் கேள்வியைக் கேட்டவர் வேலையில் சேர்ந்து சில நாள்களே ஆகியிருக்கும்.

*

அஜைல் இயக்கத்துக்கு முன்னால் அதே மனிதர்கள் பலர் கூடிய இன்னொரு வட்டம் உண்டு. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் 1977-இல் வெளியிட்ட 'எ பேட்டர்ன் லாங்குவேஜ்' என்ற நூலின் தாக்கத்தில், மென்பொருளில் மீண்டும் மீண்டும் வரும் நல்ல தீர்வுகளை எழுதிச் சேர்க்க விரும்பியவர்களின் வட்டம் அது. கென்ட் பெக்கும் வார்ட் கன்னிங்ஹாமும் 1987-இலேயே அந்த முயற்சியைத் தொடங்கியிருந்தார்கள். 1994-இல் இல்லினாய் மாநிலத்தின் ஆலர்டன் பூங்காவில் அந்த வட்டத்தின் முதல் மாநாடு நடந்தது.

அங்கே இரண்டு வழக்கங்கள் வேரூன்றின. முதலாவது, புதுமைக்கு மதிப்பில்லை. நீங்கள் எழுதும் தீர்வு உங்கள் சொந்தக் கண்டுபிடிப்பாக இருக்கத் தேவையில்லை. வெவ்வேறு இடங்களில் குறைந்தது மூன்று முறையாவது வேலை செய்ததாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். இரண்டாவது, கட்டுரையை விவாதிக்கும்போது அதை எழுதியவர் பேசக் கூடாது. கவிஞரும் கணினி அறிஞருமான ரிச்சர்ட் கேப்ரியல், படைப்பிலக்கியப் பட்டறைகளிலிருந்து இந்த முறையை அங்கே கொண்டுவந்தார். எழுதியவர் ஒரு சிறு பகுதியை வாசித்துவிட்டு ஒதுங்கிவிடுவார். வட்டமாக உட்கார்ந்திருப்பவர்கள் முதலில் அதில் சிறந்தவற்றைச் சொல்வார்கள், பிறகு எதை மேம்படுத்தலாம் என்று பேசுவார்கள். தவறாகப் புரிந்துகொண்டாலும் அவர் குறுக்கிடக் கூடாது. "நான் சொல்ல வந்தது அதில்ல" என்ற வாதத்துக்கு அங்கே இடமே இல்லை. வாசகர் கையில் எழுத்து மட்டும்தான் இருக்கப்போகிறது, எழுதியவர் கூடவே வரப்போவதில்லை என்பதை அந்த மௌனம் அவருக்கு உணர்த்துகிறது.

வார்ட் கன்னிங்ஹாம் இன்னும் ஓர் அடி போனார். இந்தத் தீர்வுகளை எல்லாரும் சேர்ந்து எழுதுவதற்காக 1995 மார்ச் 25 அன்று அவர் திறந்துவைத்த இடம்தான் உலகின் முதல் விக்கி. எவர் வேண்டுமானாலும் எந்தப் பக்கத்தையும் திருத்தலாம். தொடங்கியவர் என்பதற்காக அவருடைய வரிக்குத் தனிக் காப்பு எதுவும் இல்லை. எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் பற்றிய நீண்ட விவாதங்கள் அங்கேதான் நடந்தன. 2001 ஜனவரியில் விக்கிப்பீடியா அந்த முறையை எடுத்துக்கொண்டது. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. தமிழகத்திலும் இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் இருக்கும், ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத தமிழர்கள் இன்று ஒரே கட்டுரையில் ஒருவர் வாக்கியத்தை ஒருவர் திருத்துகிறார்கள். நிரலாளர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளச் செய்த ஏற்பாடு, நம் மொழியின் கலைக்களஞ்சியம் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

இந்த மரபில் பிற்பாடு வந்த ஒரு வழக்கமும் உண்டு. 2009-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கி, பல நாடுகளுக்குப் பரவிய கோட் ரிட்ரீட். ஒருநாள் முழுவதும் நிரலாளர்கள் கூடி, கணித மேதை ஜான் கான்வேயின் 'கேம் ஆஃப் லைஃப்' என்ற ஒரே கணக்கை இருவர் இருவராக எழுதுகிறார்கள். ஒரு சுற்று 45 நிமிடம். மணி அடித்ததும் எழுதியதை அழித்துவிட வேண்டும். அருமையாக வந்துகொண்டிருந்தாலும் அழிக்க வேண்டும். அடுத்த சுற்றில் வேறு துணையோடு, மீண்டும் முதலிலிருந்து. மாலையில் எவரிடமும் காட்ட ஒரு வரி நிரல்கூட இருக்காது. ஆனால் பல துணைகளின் பழக்கங்களும் கேள்விகளும் யோசிக்கும் விதமும் கைக்குள் இறங்கியிருக்கும்.

*

இந்த வழக்கங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது ஒரு பொது இழை தெரிகிறது. ஒவ்வொன்றும் அறிந்தவரிடம் எதையோ கீழே வைக்கச் சொல்கிறது. இருவர் சேர்ந்து எழுதும்போது, தன் தடுமாற்றத்தை யாரும் பார்க்கவில்லை என்ற பாதுகாப்பை. பொது உரிமையில், இது என் பகுதி என்ற வேலியை. பட்டறையில், தன்னை நியாயப்படுத்தும் உரிமையை. விக்கியில், கடைசி வார்த்தை தன்னுடையது என்பதை. கோட் ரிட்ரீட்டில், செய்து முடித்த பொருளையே. கீழே வைக்கப்பட்டவை எல்லாம் வெவ்வேறு போலத் தோன்றினாலும், அடியில் ஒன்றுதான்: நான் இல்லாமல் இது நடக்காது என்ற நிலை. அறிவைப் பகிர்வதற்கு நேரமும் கருவியும் போதும் என்று நிர்வாகங்கள் நினைக்கின்றன. உண்மையில் கேட்கப்படும் விலை இதுதான். அதனால்தான் பகிர்தல் இவ்வளவு கடினமாக இருக்கிறது.

அந்த விலையைக் கொடுக்கத் தயங்குபவரைத் தன்னலக்காரர் என்று சொல்லிவிட முடியாது. தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் நாளை நம்மை வேண்டாம் என்பார்களோ என்ற அச்சத்துக்குக் காரணம் உண்டு. 2015-இல் அமெரிக்காவில் சில பெரிய நிறுவனங்களின் தொழில்நுட்ப ஊழியர்கள், தங்கள் வேலைக்கு வரப்போகிறவர்களுக்குத் தாங்களே பயிற்சி கொடுத்துவிட்டுப் போக நேர்ந்தது பெரும் செய்தியானது. கற்றுக்கொள்ள வந்தவர்களில் பலர் நம் நாட்டிலிருந்து விசாவில் போன இளைஞர்கள். அந்த மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்தவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. அங்கேயும் அறிவு ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போனது. ஆனால் அதைப் பகிர்தல் என்று சொல்ல நா எழவில்லை. வேண்டாதவராக்கப்பட்டவரிடமிருந்து வாங்குவது வேறு. ஒருவர் தானே முன்வந்து, நான் இல்லாமலும் இது நடக்கட்டும் என்று கொடுப்பது வேறு.

ஆகவே பொறுப்பு இரு பக்கமும் இருக்கிறது. தன் இன்றியமையாமையைக் கீழே வைக்கிறவர், அதனால் தன் சோற்றை இழக்க மாட்டார் என்ற உறுதியைச் சுற்றியுள்ளவர்கள் தர வேண்டும். நெருக்கடியில் தனியாக நின்று காப்பாற்றியவருக்குப் பரிசு தந்துவிட்டு, நெருக்கடியே வராதபடி நாலு பேரைத் தயார் செய்தவரை மறந்துபோகும் நிறுவனத்தில் யாரும் எதையும் கொடுக்க மாட்டார்கள். திட்ட முடிவில் திரும்பிப் பார்க்கும் கூட்டங்களைப் பற்றி 2001-இல் நூல் எழுதிய நார்ம் கெர்த், கூட்டத்தின் தொடக்கத்திலேயே ஓர் உடன்பாட்டை வைத்தார். எது வெளிப்பட்டாலும் சரி, அன்று தமக்குத் தெரிந்ததையும் தம்மிடம் இருந்ததையும் கொண்டு ஒவ்வொருவரும் முடிந்தவரை நன்றாகவே செய்தார்கள் என்று முதலில் எல்லாரும் ஏற்றுக்கொள்ள வேண்டும். பழி வராது என்று தெரிந்த இடத்தில்தான் மனிதன் தனக்குத் தெரியாததைச் சொல்வான். தெரியாததைச் சொல்ல முடிந்த இடத்தில்தான் தெரிந்தது கைமாறும்.

இந்த நம்பிக்கை போய்விட்டால் வழக்கங்கள் மட்டும் மிஞ்சும். காலைக் கூட்டம் மேலாளருக்கு ஒப்பிக்கும் வருகைப் பதிவாகிவிடும். இரண்டு நாள் வகுப்பில் வாங்கிய சான்றிதழ், பல ஆண்டு உடனிருப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இயக்கம் வளர்ந்த வேகத்தில் இதுவும் நிறையவே நடந்திருக்கிறது. முறைகளைக் குறை சொல்வதில் பயனில்லை. கொடுப்பவரின் துணிவையும் வாங்குபவரின் நாணயத்தையும் எந்த முறையாலும் தயாரித்துத் தர முடியாது. அவை மனிதர்கள் கொண்டுவர வேண்டியவை.

நாம் ஒவ்வொருவரும் இன்று அறிந்திருப்பது நம்மிடம் வந்ததே, யாரோ ஒருவர் அந்த விலையைக் கொடுத்ததால்தான். தாம் கால்மணி நேரத்தில் முடித்திருக்கக்கூடிய வேலையை நம் கையில் விட்டு, நாம் தடுமாறும்போது பொறுமையாக உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். நம் கேள்வியில் தங்கள் பிழை தெரிந்தபோதும் முகம் மாறாமல் இருந்தவர்கள். அவர்களில் பலர் இன்று வேறு இடங்களில், வேறு வேலைகளில் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து நாம் பெற்றது குறையவும் இல்லை, பழைய வடிவிலேயே நின்றுவிடவும் இல்லை. நம் காலத்துத் தேவைகளுக்கு ஏற்ப நாம் அதை மாற்றிவிட்டோம். அப்படி மாற்றுவதற்கு நாம் அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை என்பதே, அவர்கள் அதை முழுமையாகக் கொடுத்துவிட்டார்கள் என்பதற்குச் சான்று.

ஒரு குழு எவ்வளவு அறிந்திருக்கிறது என்பது அதிலுள்ள மிகச் சிறந்தவருக்கு எவ்வளவு தெரியும் என்பதில் இல்லை. அவர் எதை மற்றவர்களிடம் விட்டுவிடத் துணிந்தார், மற்றவர்கள் அந்தத் துணிவுக்கு எவ்வளவு நேர்மையாக இருந்தார்கள் என்பதில் இருக்கிறது. உடைமையாக வைத்திருக்கும்வரை அறிவு ஒரு மனிதரின் ஆயுளுக்குள் அடங்கியது. பிறர் அதைக் கேள்வி கேட்கவும் திருத்தவும், தேவையானால் அழித்துவிட்டு மீண்டும் எழுதவும் அவர் இசைந்த கணத்திலிருந்து அது யாருடைய ஆயுளுக்கும் கட்டுப்பட்டதில்லை. தான் அறிந்ததைத் தனக்கு அப்பாலும் வாழவிட விரும்புகிறவர், அதன் உரிமையாளராக இருப்பதை நிறுத்த வேண்டும். அதற்கு வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.